நடுவரிசை இல்லாத பிரஷ்

வெள்ளைக் கோட்டு இன்னும் கசங்காத பிள்ளைகளே, பல்லில் கம்பி போட்டவர்களுக்கு எந்த பிரஷ் எழுதித் தருவது என்று கேட்டீர்கள். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்றைக்குக் கடையில் போய் நின்றால் நடுவில் பள்ளம் வைத்தது, கம்பிக்கு அடியில் நுழைகிற குட்டி பிரஷ், பேட்டரியில் ஓடுவது என்று சரம் சரமாகத் தொங்குகிறது. எதை வாங்கினாலும் குற்றமில்லை. தலை சின்னதாக, இழை மிருதுவாக இருக்கட்டும். இழை சாய்ந்தால் தூக்கிப் போடச் சொல்லுங்கள். ஆச்சு, பாடம் முடிந்தது. இதற்காக இந்தக் கிழவியைக் கூப்பிட்டு மாலை போட்டிருக்க வேண்டாம்.

ஆனால் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த பிரஷ் நேராக நோயாளியின் வாய்க்குள் போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு உங்களோடு சண்டை. கடைக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு வீடு இருக்கிறது. எனக்கு அது புரிந்தது அறுபதுகளில், சிதம்பரத்தில், ஒரு தீப்பெட்டியின் உபயத்தில்.

அப்போது நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பெரிய டாக்டரின் பல் மருத்துவமனையில் உதவி டாக்டர். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புக் குடும்பத்தில் பிறந்து, மெட்ராசில் படித்துவிட்டு வந்தவள். செம்மண்டலத்தில் அத்தை வீட்டில் தங்கியிருந்தேன். பொம்பளை பல் பிடுங்குவாளா என்று வேடிக்கை பார்க்கவே சிலர் வருவார்கள். பிடுங்கிக் காட்டினால் பேசாமல் போய்விடுவார்கள்.

இப்போது நீங்கள் பல்லின் முகத்தில் பொட்டு ஒட்டுவதுபோலக் குட்டி உலோகத் துண்டை ஒட்டிவிட்டுக் கம்பி கட்டுகிறீர்கள். அன்றைக்கு அது கிடையாது. பல்லுக்குப் பல் ஓர் எஃகு வளையம் மாட்டி, சிமெண்ட் வைத்து இறுக்கி, அதன்மேல் கம்பியை ஓட்ட வேண்டும். வாயைத் திறந்தால் பாத்திரக்கடைதான். வளையத்துக்கும் ஈறுக்கும் நடுவில் சோறு தங்கினால் ஈறு வீங்கும். உள்ளே பல் அரித்துக்கொண்டே போவது வெளியே தெரியாது. அதனால் பெரிய டாக்டர் ஒரு கண்டிப்பு வைத்திருந்தார். ஈற்றில் ரத்தம் கசிவது நிற்கவில்லை என்றால் வளையங்களைக் கழற்றிவிட வேண்டும். சொத்தைப் பல்லுக்குக் கோணல் பல் எவ்வளவோ மேல் என்பார். நியாயமான பேச்சு. இன்றைக்கும் அதை நான் மறுக்க மாட்டேன்.

ஹபீபா எங்களிடம் வந்தபோது அவளுக்குப் பதினாலு வயது. அவளுடைய அத்தா, அப்பாதான், பினாங்கில் கடை வைத்திருந்தார். கம்பி போட்டது அங்கேதான். அம்மாவுக்கு அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று தாயும் மகளும் சிதம்பரத்துக்கு, தாய்மாமன் காதர் பாய் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மிச்ச வேலையை இங்கே செய்துகொள்ளச் சொல்லி அத்தா தகவல் அனுப்பினார். கம்பி வேலை தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் என் நாற்காலிக்கு வந்து சேர்ந்தாள்.

மேல்வரிசைப் பற்கள் முன்னால் தள்ளி நின்றதில் அவளுக்கு உதடு இரண்டும் சேராது. பேசினாலும் சிரித்தாலும் உள்ளங்கை தானாகப் போய் வாயை மூடிக்கொள்ளும். அந்தக் கைக்குப் பின்னாலிருந்து வருகிற பேச்சு இருக்கிறதே, அப்பப்பா! அப்படி ஒரு வாயாடியை நான் பார்த்ததில்லை. முதல் நாளே என்னிடம் நியாயம் கேட்டாள்.

“பள்ளிக்கூடத்துல எப்பப் பாத்தாலும் வாய மூடு, வாய மூடுங்கறாங்க டாக்டரம்மா. மூட முடிஞ்சா மூட மாட்டனா?”

எனக்கு நெஞ்சில் தைத்தது. இந்தப் பெண்ணின் உதட்டைச் சேர்த்துவைத்துத்தான் தீருவது என்று அன்றைக்கே வீம்பு வந்துவிட்டது. பல்லும் என் வீம்புக்கு ஒத்துழைத்தது. ஒவ்வொரு தடவை வரும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

பிறகு திடீரென்று ஈறு கெட்டது. தொட்டால் ரத்தம். நன்றாகத் தேய்க்கச் சொன்னேன், தலையாட்டினாள். அடுத்த முறை இன்னும் மோசம். கம்பியில் நார் நாராக என்னவோ சுற்றிக்கொண்டிருந்தது. காதர் பாயைக் கேட்டால், தேய்க்கிறாள் டாக்டரம்மா, காலையிலும் தேய்க்கிறாள் ராத்திரியும் தேய்க்கிறாள் என்றார். அவர் பொய் சொல்கிற மனிதரில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரியும். பெரிய டாக்டர் எட்டிப் பார்த்தார். அடுத்த தடவையும் இப்படியே இருந்தால் எல்லாவற்றையும் கழற்றிவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஹபீபாவின் கை வாயிலிருந்து இறங்கி நாற்காலிப் பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பாதியில் கழற்றினால் பல் பழைய இடத்துக்கே போய்விடும். அது அவளுக்கும் தெரியும்.

காதர் பாயை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினேன். பல் தேய்க்கிறாயா என்று கேட்டால் உலகத்தில் எல்லாரும் தேய்க்கிறேன் என்றுதான் சொல்வார்கள். அதனால் வேறு மாதிரி கேட்டேன். உன் பிரஷ்ஷை வீட்டில் எங்கே வைத்திருக்கிறாய் என்றேன். வாயாடியின் கை மறுபடி வாய்க்குப் போனது. பதில் மெதுவாக வந்தது.

“வெக்கிறதுக்கு பிரஷ் இருந்தாத்தானே டாக்டரம்மா.”

விஷயம் இதுதான். பம்பாய் போய்வந்த யாரோ ஒருவர், பல் தேய்க்கிற பிரஷ் எல்லாம் பன்றி முடியில் செய்கிறார்கள் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்கிறார். காதர் பாய் தொழுகை தவறாதவர். அன்று சாயங்காலமே, சிதம்பரம் கடைத்தெருவில் வாங்கிய ஹபீபாவின் பிரஷ்ஷை எடுத்து எறிந்துவிட்டார். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பதிலாக மிஸ்வாக் குச்சி வாங்கிவந்து கொடுத்திருக்கிறார். அது நல்ல குச்சிதான், கம்பி இல்லாத வாய்க்கு. கம்பியில் பட்டால் பிய்ந்து நாராகிச் சிக்கிக்கொள்ளும். டாக்டரிடம் சொன்னால் மனசு சங்கடப்படுவார் என்று வீட்டில் வாயே திறக்கவில்லை.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். உங்களில் ஒருவர் சிரித்தீர்கள், நான் பார்த்தேன். அது வெறும் வதந்தி இல்லை. அந்த நாளில் கடையில் இரண்டும் வந்துகொண்டிருந்தன, நைலானும் வந்தது, பன்றி முடியும் வந்தது. கடைக்காரருக்கே வித்தியாசம் தெரியாது. என் சித்தி ஒருத்தி, முட்டைகூடத் தொடாதவள், இந்தப் பேச்சைக் கேட்ட நாளிலிருந்து சாகும்வரை வேப்பங்குச்சியை விடவில்லை. பயந்தவர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்களுக்குத் தெரிந்துகொள்ள வழியில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை நைலான் பிரஷ் ஒரு டஜன் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். வழியெல்லாம் யோசனை. நான் டாக்டர், சொல்கிறேன், நம்புங்கள் என்றால் மரியாதைக்காகத் தலையாட்டுவார்கள். நான் தெருமுனை திரும்பியதும் பிரஷ் குப்பைக்குப் போகும். கடலூர் துறைமுகத்தில் நைலான் வலை வந்த புதிதில், முடிச்சின் நுனியை நெருப்பில் காட்டி உருக்கி இறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். நைலான் உருகும், முடி கருகும். அடுப்பில் தலைமுடி விழுந்தால் என்ன நாற்றம் என்று எந்த வீட்டுக்கும் தெரியும். இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரிந்த ஆள் ஒருவர் இருந்தார். காதர் பாய்க்குப் பரங்கிப்பேட்டையில் வலைநூல் கடை!

போய் உட்கார்ந்து சேமியாப் பாயசம் குடித்தேன். ஈற்றின் நிலைமையைச் சொன்னேன். பிரஷ் விஷயம் எனக்குத் தெரியும் என்றதும் ஹபீபாவின் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். நான் ஒரு பிரஷ்ஷையும் தீப்பெட்டியையும் காதர் பாய் முன்னால் வைத்தேன்.

“பாய், நூல் யாவாரம் உங்களது. நீங்களே பாத்து இது என்னன்னு சொல்லுங்க.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இடுக்கி கொண்டுவரச் சொல்லி, ஒரு கொத்தைப் பிடுங்கி, தீக்குச்சியைக் கிழித்துச் சுடரில் காட்டினார். சுருண்டது, உருகியது, நுனியில் குண்டூசித் தலை மாதிரி உருண்டு நின்றது. ஆறியதும் விரலால் நசுக்கிப் பார்த்தார். கெட்டியாக இருந்தது. மோந்து பார்த்தார். நைலான்தான் என்று கடையில் தீர்ப்புச் சொல்கிற தோரணையில் சொன்னார். எனக்குக் கம்பியே காப்பாற்றப்பட்ட மாதிரி ஒரு குளிர்ச்சி. அத்தோடு எழுந்து பஸ்ஸைப் பிடித்திருக்கலாம்.

ஆனால் காதர் பாய்க்கு உற்சாகம் வந்துவிட்டது. உள்ளே போய்த் தன்னுடைய பிரஷ்ஷை எடுத்துவந்தார். மச்சான், ஹபீபாவின் அத்தா, பினாங்கிலிருந்து கொடுத்தனுப்பியதாம், நம்மவர் கடைச் சரக்காம், அதனால் இதை மட்டும் எறியவில்லையாம். இதையும் கொளுத்திப் பார்த்துவிடுவோம், நீங்களே கொளுத்துங்கள் என்று தீப்பெட்டியை என் கையில் திணித்தார்.

பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. வெண்மை இல்லாத மங்கிய நிறம், ஒன்றுபோல் ஒன்று இல்லாத இழை, பிளந்த நுனி. சந்தேகமே இல்லை, அசல் பன்றி முடி.

வீட்டுப் பெண்கள் எல்லாரும் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொளுத்தினால் நாற்றம் வீடு முழுக்கப் பரவும். அந்தப் பெரிய மனிதர் தன் வீட்டார் முன்னால் என்ன ஆவார்? அந்தச் சங்கடத்தில் என்னையும் என் டஜன் பிரஷ்ஷையும் சேர்த்து வெளியே அனுப்பிவிட்டால் ஹபீபாவின் கம்பி போச்சு. உங்கள் புத்தகத்தில் இதற்கு ஒரு அத்தியாயமும் கிடையாது. பொய் சொல்லாமல் தப்பிக்க ஒரு வழி தெரிந்தது, அதைப் பிடித்துக்கொண்டேன். இது பழசாகிவிட்டது பாய், இழை சாய்ந்துவிட்டது, ஈற்றைக் கிழிக்கும், இதை எதற்குக் கொளுத்த வேண்டும், என் கணக்கில் ஒரு புதுசு எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அத்தனையும் உண்மை.

அவர் வியாபாரி. சரக்கைப் பற்றிக் கேட்டால் வேறெதையோ பேசுகிற ஆட்களை நாள் முழுக்கப் பார்க்கிறவர். நேராக என் கண்ணைப் பார்த்துக் கேட்டார்.

“நைலான்தானே டாக்டரம்மா?”

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். பெண் பிழைத்தாள். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அதே நாக்கால்தானே முதல் பிரஷ் நல்ல பிரஷ் என்று சொல்ல வந்திருக்கிறேன்?

“இல்ல பாய். இது முடி.”

காதர் பாய் பிரஷ்ஷை மெதுவாகத் தரையில் வைத்தார். அப்போது கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஹபீபா சொன்னாள்:

“தெரியாமச் செஞ்சா குத்தமில்லன்னு நீங்கதான மாமா சொல்லிக் குடுத்தீங்க.”

அவர் எழுந்து கொல்லைக் கிணற்றடிக்குப் போனார். வாளி இறங்குகிற சத்தம், கொப்பளிக்கிற சத்தம், மறுபடி வாளி. கிணறு வற்றிவிடும்போல இருந்தது. நான் பையை மூடி மடியில் வைத்துக்கொண்டு, பஸ் எத்தனை மணிக்கு என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஈரத் தாடியோடு திரும்பி வந்து எதிரில் உட்கார்ந்தார்.

“நைலான்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்.”

தெரியும் பாய் என்றேன்.

“அதனாலதான் இனிமே நீங்க என்னா சொன்னாலும் நம்புவேன். ஆனா பிரஷ்ஷ மட்டும் நம்ப மாட்டேன்.”

பெண்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார். என் டஜன் பிரஷ் அந்த வீட்டில் தங்கியது.

அடுத்த தடவை ஹபீபா வந்தபோது ஈறு தேறத் தொடங்கியிருந்தது, ஆனால் ரத்தம் முழுக்க நிற்கவில்லை. ஈறு என்ன நாம் அதட்டினால் ஆறுமா? பெரிய டாக்டர் பார்த்தார். சொன்ன சொல் மாறாதவர். நாளைக்கு வரச் சொல், கழற்றிவிடலாம் என்றார். சாயங்காலம் அவர் அறைக்குப் போய் முழுக் கதையையும் சொன்னேன். பன்றி முடியாவது மண்ணாவது, படிக்கிற காலத்திலிருந்து நான் ஒரே கம்பெனி பிரஷ்தான் வைத்திருக்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது என்று கடுகடுத்தார். வெங்காயம்கூடச் சேர்க்காத ஆசாரக்காரர் அவர். நான் மேஜையில் தீப்பெட்டியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். இளம் ரத்தம், கொஞ்சம் திமிர்.

மறுநாள் வந்ததும் என்னைக் கூப்பிட்டார். முகம் ஒரு மாதிரி இருந்தது. அந்தச் சிதம்பரத்துப் பெண்ணுக்கு இன்னும் ஒரு மாதம் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கம்பவுண்டரைக் கடைக்கு அனுப்பி நைலான் பிரஷ் ஒன்று வாங்கிவரச் சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது.

ஒரு மாதம் கழித்து ஹபீபா நாற்காலியில் உட்கார்ந்தாள். காதர் பாய் பக்கத்தில் நின்றுகொண்டார். பெரிய டாக்டர் தாமே கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். ஈற்றை அழுத்தினார். ரத்தம் வரவில்லை. இன்னொரு பக்கம் அழுத்தினார். கெட்டியாக, வெளிறின ரோஜா நிறத்தில் இருந்தது. எனக்கே நம்பிக்கை வரவில்லை. நான் எதிர்பார்த்ததைவிட எவ்வளவோ சுத்தம். எந்த பிரஷ் என்று கேட்டார். ஹபீபா பையிலிருந்து எடுத்து நீட்டினாள். நான் கொடுத்த அதே பிரஷ்தான். ஆனால் நடுவரிசை முழுக்க மொட்டை. இரண்டு ஓரத்திலும் இழை, நடுவில் வெறும் பள்ளம்.

இது என்ன கோலம் என்று பெரிய டாக்டர் கேட்க, காதர் பாய் நெளிந்தார். ஒரு கொத்து நைலான் என்றால் எல்லாக் கொத்தும் நைலான் என்று என்ன நிச்சயம்? யாவாரத்தில் நல்ல நூலோடு மட்ட நூலைக் கலந்து கட்டுவதை அவர் பார்க்காததா? அதனால் தினம் ஒரு கொத்தாகப் பிடுங்கிக் கொளுத்தியிருக்கிறார். ஓரத்தில் பிடுங்கினால் பார்க்க அசிங்கமாக இருக்கும் என்று எல்லாவற்றையும் நடுவிலிருந்தே எடுத்திருக்கிறார். வீட்டில் இருக்கிற எல்லா பிரஷ்ஷுக்கும் இதே கதிதானாம்.

“கெடுத்துப்புட்டனா டாக்டர்?” என்று பயந்துபோய்க் கேட்டார்.

பெரிய டாக்டர் அந்த பிரஷ்ஷை ஹபீபாவின் பல்மேல் வைத்தார். கம்பி சரியாகப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. மேல் ஓரத்து இழை ஈற்றைத் தொட்டது, கீழ் ஓரத்து இழை வளையத்தின் அடியைத் தொட்டது. முழு பிரஷ் என்றால் நடு இழை கம்பியில் முட்டிக்கொண்டு ஓரத்தை எட்டவிடாது. அவர் இரண்டு தடவை தேய்த்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“கம்பி இருக்கட்டும்” என்றார். அப்புறம் காதர் பாயைப் பார்த்து, “நீங்க பிடுங்கறத நிறுத்தாதீங்க பாய்.”

பிறகு வருகிற கம்பிக்காரர்களுக்கெல்லாம் நானே இடுக்கியால் நடுவரிசையைப் பிடுங்கித்தான் கொடுத்தேன். நீங்கள் கடையில் பார்க்கிற பள்ளம் வைத்த பிரஷ்ஷை உலகத்தில் யார் எப்போது கண்டுபிடித்தார்களோ எனக்குத் தெரியாது. நான் அதை முதலில் பார்த்தது ஒரு வலைநூல் வியாபாரியின் சந்தேகத்தில்.

இனி உங்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். பிரஷ் எழுதுவதற்கு முன்னால் அது அந்த வீட்டில் எங்கே இருக்கப்போகிறது என்று கேளுங்கள். சந்தேகப்படுகிறவர் கையில் தீப்பெட்டியைக் கொடுங்கள், உங்கள் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள். நேராகக் கேட்டால் நேராகச் சொல்லிவிடுங்கள்; அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் நீங்கள் சொல்கிற மற்றதையெல்லாம் எடை போடுவார்கள்.

கம்பி கழற்றிய பிறகு ஹபீபா காதர் பாயோடு ஒருமுறை பார்க்க வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். கை இரண்டும் மடியில் இருந்தன. எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன், பேசவில்லை. வலிக்கிறதா என்றேன், இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். எனக்குக் கவலையாகிவிட்டது. விளக்கை இழுத்துக் குனிந்து பார்த்த பிறகுதான் புரிந்தது. உதடு இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. அதை நான் பார்க்க வேண்டும் என்றுதான் அந்த வாயாடி பேசாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

காதர் பாய்தான் பொறுக்க மாட்டாமல் சொன்னார்.

“கம்பிய கழட்டுனதுலேர்ந்து இப்புடித்தான் டாக்டரம்மா, வாய மூடிக்கிட்டு கண்ணாடி முன்னாடியே ஒக்காந்துருக்கா. போதும் புள்ள, வாயத் தொற. வூடே வெறிச்சுன்னு கெடக்கு.”